இரவல் தராத பொருள்

எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் இரவல் கொடுக்க மாட்டார்கள். அடுத்த வீட்டுப் பெண் எவ்வளவு அவசரமாக வந்து நின்றாலும், "காலையிலே வாம்மா" என்று பாட்டி சொல்லிவிடுவாள். பகல் வேளையிலும் அரிவாளையோ கத்தரிக்கோலையோ கையில் கொடுப்பது கிடையாது. தரையில் வைப்பாள், வந்தவள் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் சண்டை வருமாம். இளமையில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று கேலி செய்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு அவ்வளவு தைரியமாகக் கேலி செய்ய முடியவில்லை. கூர்மையான பொருள் கை மாறும்போது பொருள் மட்டும் மாறுவதில்லை என்று அந்தக் கிழவி கண்டிருந்தாள் போலிருக்கிறது.

இந்த நினைப்பை என்னுள் கிளப்பிவிட்டது மண்டபத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி.

ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் மண்டபத்தைப் பார்ப்பதே இல்லை. பாம்பன் பாலம் வரப்போகிறது என்ற பரபரப்பில் எல்லோரும் ஜன்னல் பக்கம் நகருகிற நேரத்தில் அந்த ஊர் கடந்து போய்விடும். வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல், நடுவே ஒல்லியாக நீண்டு கிடக்கும் மணல் பூமி. அந்த மணலில் என் பெரியப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. தோப்போடு அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே துப்பாக்கியும் இருந்தது. லைசென்ஸ் அவர் பெயருக்கு மாறியது. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன சுட்டார் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்து இரண்டு தடவை வானத்தை நோக்கிச் சுட்டிருக்கிறார். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அந்த இரண்டு வெடிக்காக அவர் பட்ட சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்கு நடந்து லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் சட்டத்தைத் திருத்தி ஐந்து வருஷமாக்கினார்கள். அதன் பலனை அவர் அதிக நாள் அனுபவிக்கவில்லை. தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் திரும்ப எடுத்து வர வேண்டும். "இந்த வீட்டிலே ஒழுங்காப் பொறந்த வீட்டுக்குப் போய் வர்றது அது ஒண்ணுதான்" என்பாள் பெரியம்மா.

ஒரு மார்கழி மாதத்தில் பெரியப்பா காலமானார். காரியங்களுக்காகப் போன நான் பெரியம்மாவுக்குத் துணையாகச் சில நாள் தங்கினேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தச் சனியனை ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாப்பா. அதைப் பார்த்தாலே வயித்தைக் கலக்குது" என்றாள்.

நானும் ஒரு சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப் போகலாம் என்றுதான் இருந்தேன். நல்ல வேளையாக, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் டெலிபோனில் ஒரு வார்த்தை கேட்டேன். மனிதர் பதறிவிட்டார். "லைசென்ஸ் உங்கள் பெரியப்பாவுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. அவர் போனதோடு அதுவும் போயிற்று. பஸ்ஸில் நீங்கள் பிடிபட்டால் வாரிசு என்று யாரும் பார்க்க மாட்டார்கள், ஆயுதத்தோடு போன ஆசாமி என்றுதான் பார்ப்பார்கள்" என்றார். நிலையத்துக்கு எழுதித் தெரிவித்தோம். ஆள் வந்து எடுத்துப் போவதற்குச் சில நாள் ஆயிற்று. அதுவரை பெட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தது.

அந்தச் சில நாளில் எனக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இரவு படுக்கப் போகுமுன் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தேன். மறுநாள் மூன்று தடவை. அதற்கு மறுநாள் பெட்டியைத் திறந்து, துப்பாக்கி உள்ளே இருக்கிறதா என்றே பார்த்தேன். தோட்டா வேறு பையில் இருந்தது. அதையும் எண்ணிப் பார்த்தேன். அன்றிரவு இரண்டு மணி சுமாருக்குக் கொல்லைப் பக்கம் 'தொப்'பென்று சத்தம் கேட்டது. எத்தனையோ இரவு அந்த வீட்டில் படுத்திருக்கிறேன். சத்தம் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதுதான் வழக்கம். அன்று என் கை டார்ச்சைத் தேடவில்லை, சாவியைத் தேடியது. பெட்டியருகில் உட்கார்ந்து பூட்டைத் தடவும்போதுதான் எனக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். காய்ந்த தென்னை மட்டை ஒன்று விழுந்து கிடந்தது.

மட்டையைச் சுடப் போன வீரன் அதன் பிறகு தூங்கவில்லை. விடியும் வரை யோசித்துக்கொண்டிருந்தபோது வால்மீகி ராமாயணத்தில் ஆரணிய காண்டத்தில் வரும் ஒரு சிறு கதை நினைவுக்கு வந்தது. சீதை ராமனுக்குச் சொல்கிறாள். காட்டில் ஒரு தபசி இருந்தார். சத்தியவான், எந்த உயிருக்கும் தீங்கு நினையாதவர். அவருடைய தவத்தைக் கெடுக்க நினைத்த இந்திரன் அப்சரஸை அனுப்பவில்லை. போர்வீரன் வேஷத்தில் வந்து, ஒரு வாளைக் கொடுத்து, "இதைக் கொஞ்ச காலம் வைத்திருங்கள், திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறர் பொருளல்லவா? தொலைந்துவிடக் கூடாதே என்று தபசி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். கிழங்கு பறிக்கப் போனாலும் வாள், பழம் பறிக்கப் போனாலும் வாள். நாளாக ஆக அவருடைய புத்தி மெல்ல மெல்லக் கொடுமையின் பக்கம் சாய்ந்து, தவம் போய்க் கடைசியில் நரகமும் வந்து சேர்ந்தது.

இந்தக் கதையில் என்னை உலுக்குவது தபசியின் நாணயம். அவர் பேராசைப்பட்டுக் கெடவில்லை. அடைக்கலப் பொருளை ஒழுங்காகக் காப்பாற்றப் போய்க் கெட்டார். காப்பாற்றுவது நாம், காப்பாற்றப்படுவது பொருள் என்று நினைக்கிறோம். ஆயுதத்தின் விஷயத்தில் அது மறுபக்கமும் வேலை செய்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம்தான் இன்றும் நம்மை ஆள்கிறது. 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் மூன்றாவது பிரிவைப் படித்துப் பார்த்தால், பாட்டி கத்தரிக்கோலைத் தரையில் வைத்தது போலவே இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியை வைத்திருக்கவும் கூடாது, சுமந்து செல்லவும் கூடாது. ஒரே ஒரு சலுகை: லைசென்ஸ்காரர் கூடவே இருந்தாலோ, எழுத்து மூலம் அனுமதி தந்திருந்தாலோ, இன்னொருவர் அதைத் தூக்கிச் செல்லலாம். எதற்காக? பழுது பார்க்க, லைசென்ஸைப் புதுப்பிக்க, அல்லது லைசென்ஸ்காரரே பயன்படுத்துவதற்காக. அதாவது தோளை இரவல் தரலாம், விரலை இரவல் தர முடியாது. மீறி வாங்கி வைத்திருப்பவனுக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு வருஷம், அதிகம் போனால் ஐந்து வருஷம் சிறை. வாங்குகிறவன் வைத்திருக்கத் தகுதியுள்ளவன்தானா என்று பார்க்காமல் கொடுத்தவனுக்கும் தண்டனை உண்டு. ஒரு மனிதன் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்ததும், கல்யாண ஊர்வலத்தில் குதூகலமாகச் சுடுவதைக் குற்றமாக்கியதும் அதே திருத்தம்தான். காரை இரவல் தரலாம், மாட்டைத் தரலாம், மனைவியின் நகையைக்கூட அவள் அனுமதியோடு தரலாம். துப்பாக்கியை மட்டும் தரக் கூடாது. 'உன்னைத்தான் விசாரித்துப் பார்த்தேன், உன் சிநேகிதனை எனக்குத் தெரியாது' என்கிறது சர்க்கார்.

இது நியாயம்தானா? நியாயம் என்று உடனே சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இந்தச் சட்டத்தின் பாட்டனாரை எனக்குத் தெரியும். எங்கள் சீமையில்தான் அவர் பிறந்தார். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, அதே வருஷம் டிசம்பர் முதல் தேதி, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டான். பாளையக்காரர் பூமியில் இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஈட்டியும் வேலும்கூடக் குற்றமாயின. பிறகு லிட்டன் பிரபுவின் 1878-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. அதில் இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. 'உன்னை நம்ப மாட்டேன்' என்பதைத் தோலின் நிறம் பார்த்துச் சொன்ன சட்டம் அது. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சியின் கையில் இருந்த பெல்ஜியத்துப் பிரௌனிங் கைத்துப்பாக்கி, லிட்டன் சட்டத்தின்படி லைசென்ஸ் காட்டி வாங்கியதல்ல. அந்த நிலையத்துக்கு நாம் அவன் பெயரையே வைத்திருக்கிறோம்.

அகிம்சையே உருவான காந்தியடிகளே 1930 ஜனவரியில் வைஸ்ராயிடம் வைத்த பதினோரு கோரிக்கைகளில் ஒன்று, தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டும் என்பது. மறு வருஷம் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்றே தீர்மானம் போட்டது. சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அந்தப் பழைய தீர்மானத்தை எடுத்து நீட்டினார். அம்பேத்கர் எதிர்த்தார், சபை ஏற்கவில்லை. இன்று நம் அரசியல் சட்டத்தின் 19-ஆவது ஷரத்து நமக்குத் தருவது, 'ஆயுதமின்றி' அமைதியாகக் கூடும் உரிமை. அடிமையாக இருந்தபோது கேட்ட பொருளை எஜமானனானதும் வேண்டாம் என்று வைத்துவிட்டோம். இதில் முரண்பாடு உண்டா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்றே தோன்றுகிறது. அன்று நாம் கேட்டது துப்பாக்கியை அல்ல, துப்பாக்கி வைத்திருக்கும் வெள்ளைக்காரனுக்குச் சமமான மரியாதையை. மரியாதை கிடைத்த பிறகு இரும்பு எதற்கு?

எல்லா நாட்டாரும் இப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791-லிருந்து அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. கைத்துப்பாக்கியோடு வெளியே நடமாட விசேஷக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க் மாகாணத்துச் சட்டத்தை, அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு 2022 ஜூனில் செல்லாது என்று தள்ளிவிட்டது. அங்கே ஒருவன் மூக்குக் கண்ணாடி போல அதை இடுப்பில் செருகிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போகலாம். ஆனாலும் அந்த நாட்டில்கூட இரவல் விஷயத்தில் ஒரு உறுத்தல் இருக்கிறது. வாஷிங்டன் மாகாணத்து மக்கள் 2014-ல் ஓட்டுப் போட்டே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி சிநேகிதனுக்கு இரவல் கொடுப்பதானாலும் பொதுவாக அவனைப் பற்றிய பூர்வோத்திரத்தைச் சர்க்கார் மூலம் சோதித்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். உயிர் போகிற ஆபத்து அந்த நிமிஷமே எதிரில் நின்றால் விலக்கு உண்டு. நம் சட்டமும் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையை மறுக்கவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை அதற்காகவே பிரிவுகள் இருக்கின்றன. காத்துக்கொள் என்கிறது, ஆயுதத்தை மட்டும் அடுத்த வீட்டில் வாங்காதே என்கிறது. ஆபத்தில் நிற்கிற ஏழைக்கு இது கொடுமையாகத் தோன்றினால் அவனைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனால் இரவல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் எங்கள் கடற்கரை பார்த்திருக்கிறது. கொடுத்தவர் தனி மனிதரல்ல, ஒரு பெரிய சர்க்கார். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழ் இளைஞர்களுக்கு இந்தியாவே பயிற்சி தந்தது, ஆயுதமும் தந்தது. அகதிகள் படகு படகாக வந்து மண்டபம் முகாமில் இறங்கிக்கொண்டிருந்த காலம். அந்தக் கண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் அன்று அதைத் தவறு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1986 நவம்பரில் சென்னைச் சூளைமேட்டில் அந்தத் துப்பாக்கிகளில் ஒன்று தமிழ்நாட்டுத் தமிழனையே சுட்டது. சில நாளில் எம். ஜி. ஆர். அரசின் போலீஸ் இயக்கங்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1987 ஜூலை 29-ல் ஒப்பந்தம். ஆகஸ்டு 5-ஆம் தேதி பலாலியில் ஆயுதங்களைத் திருப்பிக் கொடுக்கும் சடங்கு நடந்தது, சடங்காகவே முடிந்தது. அக்டோபரில் சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் கடைசி வீரன் கப்பல் ஏறுவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஜவான்கள் அந்த மண்ணில் மாண்டிருந்தார்கள். இலங்கைத் தமிழர்கள் எத்தனை பேர் என்பதை நான் எழுதி முடியாது.

அதோடு தீரவில்லை. 2018 ஜூன் மாதம், பாம்பனைத் தாண்டித் தங்கச்சிமடத்தில் ஒரு மீனவர் தம் வீட்டில் கக்கூஸ் தொட்டிக்குக் குழி தோண்டினார். மண்வெட்டி இரும்பில் இடித்தது. ஆயிரக்கணக்கான தோட்டாக்களும் வெடிமருந்தும் பெட்டி பெட்டியாக வெளியே வந்தன. அந்தப் பழைய நாளில் யாரோ புதைத்துவிட்டுப் போனவை. அவற்றின் மேல் அத்தனை வருஷம் மனிதர்கள் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள், குழந்தைகள் விளையாடியிருக்கின்றன. இரவல் போன ஆயுதம் திரும்பி வருகிற விதம் இப்படித்தான் இருக்கிறது: கொடுத்தவனிடம் வருவதில்லை, கேட்காதவன் வீட்டில் முளைக்கிறது. அருச்சுனன் பாக்கியசாலி. அவனுடைய காண்டீபமும் இரவல்தான். அக்கினி வருணனிடம் வாங்கித் தந்தது. எல்லாம் முடிந்த பிறகு அக்கினியே வழியில் வந்து நின்று திருப்பிக் கேட்டான். அருச்சுனன் அதைத் தண்ணீரில் எறிந்துவிட்டு நடந்தான். நமக்கு அப்படி வந்து கேட்கிற தேவர்கள் இல்லை.

பெரியப்பா கதைக்குத் திரும்புகிறேன். அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார், அடுத்த தோப்புக்காரர். மதம் வேறு. ஆனால் எங்கள் பக்கத்தில் அது உறவு முறைக்குத் தடையல்ல, ஒருவருக்கொருவர் 'மச்சான்'தான். எனக்கு அவர் 'மாமா'. நான் காலேஜில் படிக்கிற நாளில் அவர்களுக்குள் பேச்சு நின்றுபோனது தெரியும், காரணம் தெரியாது. பெரியம்மா இப்போதுதான் சொன்னாள். ஒரு நாள் பொழுது சாய்கிற வேளையில் அவர் வந்து, "நாயிக ஆட்டைக் கடிச்சுப் போட்டிருச்சு மச்சான். துப்பாக்கியை ஒரு ராத்திரி குடுங்க. விடியக் கொண்டாந்து தந்துர்றேன்" என்று கேட்டாராம். பெரியப்பா, "நான் வர்றேன், ராத்திரி பூரா காவல் உக்கார்றேன். அதை மட்டும் கேக்காதீக" என்றாராம். "என்னைய நம்பலையாக்கும்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். இருபது வருஷம் பெருநாள் பிரியாணி இந்த வீட்டுக்கு வரவில்லை, பொங்கல் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அவருக்கு அப்போது வரப்புத் தகராறு ஒன்று அண்ணன் தம்பிக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது என்றும் பெரியம்மா சொன்னாள்.

போலீஸார் துப்பாக்கியை எடுத்துப்போய் ரசீது கொடுத்த அன்று மாலை அவர் வந்தார். திண்ணையில் வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நாயிக்குத்தான் கேட்டேன் தம்பி. அப்படித்தான் நானும் ரொம்ப நாளா நெனைச்சிட்டிருந்தேன்."

இந்த ஒரு வாக்கியத்தில் ஆயுதச் சட்டத்தின் நியாயம் முழுவதும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு மனிதன் எதற்காகத் துப்பாக்கி கேட்கிறான் என்று கொடுப்பவனுக்குத் தெரியாது என்பது மட்டுமல்ல, கேட்கிறவனுக்கே தெரியாது. பூட்டைத் தடவிய என் கைக்கும் அன்றிரவு தெரியவில்லையே! சட்டம் அவரை நம்பவில்லை என்பது அவமானம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எந்த மனிதனையும் அது நம்பவில்லை.

இதைப் பெரிய கண்டுபிடிப்பாக அவர் போன பிறகு பெரியம்மாவிடம் சொன்னேன். பெரியப்பா எவ்வளவு விவேகி பார்த்தாயா என்றேன். அவள் ரசீதை மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"குடுக்காதது சரிதான் தம்பி. காவலுக்கு வர்றேன்னு வாயாலே சொன்னாகளே, அன்னிக்கு ராத்திரி போய் உக்காந்தாகளா? கூப்பிட்டா போவோம்னு இருந்துட்டாக. அதை எந்தச் சட்டம் தடுத்துச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லத் தெரியவில்லை.